மொத்த வியாபாரத்துக்குச் சென்னைதான் வேணுமா? திருச்சி மாதிரி நடுத்தர நகரங்கள் ஜெயிப்பது எங்கே, சறுக்குவது எங்கே?

ஐ.டி. வேலையில் சேர்த்த பணத்தைக் கொண்டு சொந்தமாக ஏதாவது செய்யலாம் என யோசிக்கும் பலருக்கு முதலில் தோன்றுவது ஒரு கடை. அடுத்தது ஃபிரான்சைஸ். மூன்றாவதாக, ஊரில் இருக்கும் மாமாவோ சித்தப்பாவோ சொல்லும் யோசனை: "ஒரு ஏஜென்சி எடுத்துப் போடேன்!"

ஏஜென்சி என்றால் டிஸ்ட்ரிபியூட்டர்ஷிப். கம்பெனியிடம் மொத்தமாகச் சரக்கு வாங்கி, குடோனில் இறக்கி, வண்டியில் ஏற்றிக் கடை கடையாகப் போட்டு, பணத்தை வசூல் செய்யும் தொழில். சோப்பு, பிஸ்கட், மருந்து, பிவிசி பைப், எல்இடி பல்ப், டிராக்டர் ஸ்பேர் பார்ட்ஸ் என எந்தப் பொருளுக்கும் அடிப்படை இதுதான். இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் போட வசதியான தொழில் இல்லை. ஆனால் தமிழ்நாட்டில் எந்த ஊர்ப் பெட்டிக்கடையிலும் ஐந்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட் கிடைப்பது இவர்களால்தான்.

இந்தத் தொழிலை எங்கே தொடங்குவது? சந்தை பெரியது என்பதால் சென்னை என்று சொல்லத் தோன்றும். வாடகை குறைவு என்பதால் சொந்த ஊர் என்று இன்னொரு பக்கம் தோன்றும். இரண்டுமே அவசர பதில்கள். மொத்த வியாபாரத்துக்கும் விநியோகத்துக்கும் பெரும்பாலும் நன்றாகப் பொருந்துவது நடுத்தர நகரம். அதற்கு வாடகையைவிடப் பெரிய காரணங்கள் உண்டு. திருச்சியை வைத்துப் பார்த்தால் அவை தெளிவாகப் புரியும். அந்தச் சாதகத்தை ஒரு நகரம் எப்படி வீணடிக்கக்கூடும் என்பதும் திருச்சியிலேயே தெரியும்.

நடுத்தர நகரம் என்றால் எவ்வளவு பெரிசு?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, சென்னை பெருநகரப் பகுதியில் சுமார் 87 லட்சம் பேர் இருந்தார்கள். கோவைப் பகுதியில் சுமார் 21 லட்சம், மதுரைப் பகுதியில் சுமார் 15 லட்சம், திருச்சிப் பகுதியில் சுமார் 10 லட்சம் பேர். இன்று எல்லா எண்களும் கூடியிருக்கும். ஆனாலும் அளவு வித்தியாசம் அப்படியேதான் இருக்கிறது. உள்ளூர் மக்களுக்கு மட்டும் விற்பதாக இருந்தால் சென்னைக்கு முன்னால் திருச்சி நிற்கவே முடியாது.

ஆனால் மொத்த வியாபாரிக்கு உள்ளூர் மக்கள்தொகை பாதிக் கணக்குதான். மீதிப் பாதி, அவருடைய வண்டி காலையில் கிளம்பி இரவுக்குள் திரும்பும் வட்டத்துக்குள் எத்தனை ஊர்கள் இருக்கின்றன என்பது. அங்கேதான் கணக்கு மாறுகிறது.

மேப்பை எடுத்துப் பாருங்கள்

திருச்சியிலிருந்து தஞ்சாவூர், புதுக்கோட்டை, பெரம்பலூர் எல்லாம் ஏறக்குறைய 60 கிலோமீட்டருக்குள். கரூர் சுமார் 80. திண்டுக்கல் சுமார் 100. மதுரை, சேலம், நாகப்பட்டினம் மூன்றும் சுமார் 140 கிலோமீட்டர் வட்டத்துக்குள். அரியலூர், நாமக்கல், திருவாரூர், சிவகங்கை, ஈரோடு என்று பட்டியல் நீளும். கோவைகூட 200 கிலோமீட்டரைக் கொஞ்சம்தான் தாண்டும். தமிழ்நாட்டின் 38 மாவட்டங்களில் கணிசமானவற்றின் தலைநகரங்கள் இந்த வட்டத்துக்குள் வந்துவிடுகின்றன.

சாலைகளும் அதற்கேற்பவே இருக்கின்றன. வேலூரிலிருந்து மதுரை வழியாகத் தூத்துக்குடி போகும் தேசிய நெடுஞ்சாலை 38, கோவையிலிருந்து கரூர் வழியாகச் சிதம்பரம் போகும் 81, திண்டுக்கல் பக்கமிருந்து தஞ்சாவூர், நாகப்பட்டினம் போகும் 83 ஆகிய மூன்றும் திருச்சியைத் தொட்டுத்தான் போகின்றன. ரயிலிலும் அதே கதை. விழுப்புரம், தஞ்சாவூர், கரூர், திண்டுக்கல், புதுக்கோட்டை என ஐந்து திசைகளுக்கும் பாதைகள் பிரியும் சந்திப்பு இது.

சென்னை மேப்பில் எங்கே இருக்கிறது? வடகிழக்கு மூலையில். கிழக்கே கடல், வடக்கே ஆந்திரம். அங்கிருந்து கிளம்பும் வண்டிக்குப் பாதித் திசைகள் அடைபட்டே இருக்கின்றன. துறைமுகத்துக்கும் ஆந்திரச் சந்தைக்கும் அது வசதி. புதுக்கோட்டை மளிகைக் கடைக்கு வாரம் இரண்டு தடவை சரக்கு போட அது வசதி இல்லை.

ஒரே நாளில் போய் வர்றதுல என்ன பெரிய லாபம்?

லோடு ஏத்திக் காலை ஆறு மணிக்குக் கிளம்பும் வேன் இரவு எட்டு மணிக்கு குடோனுக்கு வந்துவிட்டால், டிரைவருக்கு இரவு தங்கும் செலவு கிடையாது. வெளியூர் பேட்டா குறைவு. மறுநாள் அதே வண்டி வேறு லைனுக்குப் போகலாம். வெளியூரில் இரவு தங்க வேண்டியிருந்தால், ஒரு லைனுக்கு ஒரு வண்டி இரண்டு நாள் மாட்டிக்கொள்ளும். ஆறு லைன்களை ஒரு வாரத்தில் முடிக்க, முதல் வகையில் ஒரு வண்டி போதும். இரண்டாவது வகையில் இரண்டு வண்டி, இரண்டு டிரைவர், இரண்டு இன்சூரன்ஸ், இரண்டு இஎம்ஐ.

சின்ன சரக்கு வண்டிகள் பெருகியது இந்தக் கணக்கை இன்னும் சாதகமாக்கியது. 2005-ல் வந்த டாடா ஏஸை நம் ஊரில் யாரும் அந்தப் பெயரில் கூப்பிடுவதில்லை, எல்லாருக்கும் அது 'குட்டியானை'தான். பெரிய லாரி நுழைய முடியாத கடைவீதிக்குள்ளும் போய்விடும், ஒரு நாள் லைனுக்குத் தேவையான சரக்கையும் சுமந்துவிடும்.

ரிட்டர்ன் லோடும் முக்கியம். சென்னைக்கும் தென் மாவட்டங்களுக்கும் ஓடும் லாரிகளில் ஏராளமானவை திருச்சி வழியாகவே போய் வருகின்றன. லாரித் தொழிலுக்குப் பெயர் போன நாமக்கல் இரண்டு மணி நேரத் தூரத்தில் இருக்கிறது. வண்டிகள் அதிகம் கடந்துபோகும் ஊரில், திரும்பும் வழியில் காலியாக வரும் லாரி கிடைக்கும். காலியாகப் போவதைவிடக் குறைந்த வாடகைக்கு ஏற்றிப்போவது மேல் என்று லாரிக்காரர் நினைப்பார். அந்தப் பேரத்தின் பலன் மொத்த வியாபாரிக்கு.

ஜிஎஸ்டி வந்து என்ன மாறியது?

2017 ஜூலை 1-க்கு முன்பு, மாநிலம் விட்டு மாநிலம் விற்றால் மத்திய விற்பனை வரி உண்டு. அதைத் தவிர்க்க, பெரிய கம்பெனிகள் ஒவ்வொரு மாநிலத்திலும் தனி டிப்போ வைத்து, விற்பனையாகக் காட்டாமல் சரக்கை மாற்றிக்கொண்டன. டிப்போ எங்கே இருக்க வேண்டும் என்பதில் வரிக்குப் பெரிய பங்கு இருந்தது. ஜிஎஸ்டிக்குப் பிறகு அந்தக் கட்டாயம் போனது. தூரம், நேரம், வாடகை ஆகிய மூன்றையும் வைத்து இடத்தைத் தேர்வு செய்யலாம் என்றானது.

இ-வே பில்லும் இதே பக்கம்தான் தள்ளுகிறது. 2021 முதல், சாதாரண சரக்கு வண்டிக்கு ஒவ்வொரு 200 கிலோமீட்டருக்கும் ஒரு நாள் என்று இ-வே பில் செல்லுபடியாகும். திருச்சியை மையமாக வைத்து ஒரு 200 கிலோமீட்டர் போட்டால் மேலே சொன்ன ஊர்களில் பெரும்பாலானவை ஒரு நாள் கணக்குக்குள் வந்துவிடும். தமிழ்நாட்டுக்குள்ளேயே நடக்கும் சரக்குப் போக்குவரத்துக்கு, மதிப்பு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் இ-வே பில்லே தேவை என்பது சிறு விநியோகஸ்தர்களுக்கு இன்னொரு நிம்மதி.

நல்ல விஷயம்தான். ஆனால் இதில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. வரி காரணம் போனதும், பல கம்பெனிகள் சின்னச் சின்ன டிப்போக்களை மூடி, இரண்டு மூன்று மாநிலங்களுக்குச் சேர்த்து ஒரே பெரிய கிடங்கு வைக்கவும் தொடங்கின. அந்தப் பெரிய கிடங்குகள் சென்னையைச் சுற்றியுள்ள ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், செங்குன்றம் போன்ற பகுதிகளுக்கே பெரும்பாலும் போகின்றன. ஆக, முதல் கட்டக் கிடங்கு பெருநகரத்துக்கு, கடைசிக் கட்ட விநியோகம் நடுத்தர நகரத்துக்கு என்று வேலை பிரிந்துகொண்டிருக்கிறது. திருச்சியில் தொழில் தொடங்குபவர் குறிவைக்க வேண்டியது இந்த இரண்டாவது வேலையை.

வாடகையைவிடப் பெரிசு, பணம் சுத்துற வேகம்

நடுத்தர நகரம் என்றதும் எல்லோரும் சொல்லும் காரணம், குடோன் வாடகை கம்மி. உண்மைதான். ஆனால் அதை மட்டும் நம்பி இறங்குபவர்கள்தான் ஏமாறுகிறார்கள். ஒரு உதாரணக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். எண்கள் புரிதலுக்காக மட்டும்.

ஒருவர் 20 லட்சம் முதல் போட்டு நுகர்பொருள் ஏஜென்சி எடுக்கிறார். மார்ஜின் 4 சதவீதம். கம்பெனிக்கு முன்பணம் கட்டிச் சரக்கு எடுத்து, விற்று, கடைக்காரரிடம் பணம் வசூலாகித் திரும்ப 30 நாள் ஆகிறது என்றால், மாதம் 20 லட்சம் விற்பனை. மொத்த லாபம் 80,000 ரூபாய். குடோன் வாடகை 15,000, வண்டியும் டிரைவரும் 30,000, சேல்ஸ்மேன் 15,000 என்று 60,000 போனால் கையில் 20,000. வேலையை விட்டு வந்தவருக்கு இது அதிர்ச்சியான தொகை.

இப்போது அதே 20 லட்சம் 20 நாளில் சுற்றி வந்தால்? மாத விற்பனை 30 லட்சம், மொத்த லாபம் 1,20,000. டீசல் செலவு கொஞ்சம் கூடும். அதைக் கழித்தாலும் கையில் 50,000 ரூபாய்க்கு மேல் நிற்கும். பெருநகரத்தில் குடோன் வாடகை இரண்டு மடங்கு என்று வைத்தாலும் வித்தியாசம் 15,000தான். பத்து நாள் வேகமாகச் சுற்றியதில் வந்த வித்தியாசம் 40,000. மொத்த வியாபாரத்தில் பணம் சுத்துற வேகம்தான் லாபம் என்று மூத்த வியாபாரிகள் சொல்வதற்கு இதுதான் அர்த்தம்.

அந்தப் பத்து நாள் எங்கிருந்து மிச்சமாகும்? இரண்டு இடங்களிலிருந்து. ஒன்று, ஸ்டாக். சென்னைக் கிடங்கில் இரவு லோடு ஏறினால் காலையில் திருச்சியில் இறங்கிவிடும். அதனால் ஒரு மாதச் சரக்கைக் குடோனில் அடுக்கிவைக்கத் தேவையில்லை. வாரம் ஒரு முறை சின்ன ஆர்டராகப் போடலாம். கம்பெனியிலிருந்து தூரமாக இருக்கும் கடைக்கோடி ஊரில் இருப்பவருக்கு இந்த வசதி குறைவு. அவர் பயத்தில் அதிகமாக வாங்கிவைப்பார், பணம் அட்டைப்பெட்டிக்குள் தூங்கும்.

2025 செப்டம்பர் 22-ல் ஜிஎஸ்டி விகிதங்கள் மாறியபோது இது அப்பட்டமாகத் தெரிந்தது. 12, 28 சதவீத அடுக்குகள் போய், பல பொருட்களுக்கு வரி குறைந்தது. மக்களுக்கு நல்ல செய்தி. பழைய வரியில் வாங்கிய சரக்கைக் குடோன் நிறைய வைத்திருந்த விநியோகஸ்தருக்குத் தலைவலி. குறைவான ஸ்டாக்கில் ஓட்டியவருக்கு அந்தத் தலைவலியும் குறைவு.

பணம் மிச்சமாகும் இரண்டாவது இடம், வசூல்.

கடன் கொடுக்காம வியாபாரம் நடக்குமா?

நடக்காது. சில்லறைக் கடைக்காரர் பெரும்பாலும் போன தடவை போட்ட சரக்குக்கு இந்தத் தடவை பணம் கொடுப்பார். ஒரு கடை 25,000 ரூபாய் பாக்கி வைத்து ஷட்டரை இழுத்து மூடிவிட்டால், 4 சதவீத மார்ஜினில் அந்தப் பணத்தை மீட்க 6,25,000 ரூபாய்க்குப் புதிதாக விற்க வேண்டும். ஒரு கடைக்கே இந்தக் கதி என்றால் நான்கு கடைக்கு?

இங்கேதான் ஊரின் அளவு பெரிய வேலை செய்கிறது. நடுத்தர நகரத்திலும் சுற்றியுள்ள சிறு நகரங்களிலும் கடைவீதி என்பது ஒரு அறிமுகக் கூட்டம். எந்தக் கடையில் சரக்கு காலியாகிக்கொண்டே வருகிறது, யாருடைய செக் திரும்பியது, எந்த அண்ணன் தம்பி பிரியப் போகிறார்கள் என்பதெல்லாம் சேல்ஸ்மேன்கள் டீக்கடையில் பேசிக்கொள்ளும் விஷயம். வங்கியின் சிபில் ஸ்கோரில் வருவதற்கு முன்னாலேயே லைனில் வந்துவிடும். வாரத்துக்கு ஒரு தடவை நேரில் போய் நிற்க முடிகிற தூரம் என்பதால், பாக்கி பழையதாவதும் குறையும். பெருநகரத்தில் கடைக்காரர் பக்கத்துத் தெருவுக்கு மாறிப் போனாலே கண்டுபிடிப்பது கஷ்டம்.

இந்த அறிமுகத்துக்கு இன்னொரு முகமும் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. பல ஊர்களில் மொத்த வியாபாரம் குறிப்பிட்ட சமூகங்கள், குடும்பங்கள், சங்கங்களின் கையில் தலைமுறையாக இருக்கிறது. அறிமுகம் உள்ளவருக்குக் கடன் எளிதாகக் கிடைக்கும் என்றால், அறிமுகம் இல்லாதவருக்குக் கதவு தாமதமாகத் திறக்கும் என்றே அர்த்தம். முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கும் பெண்களுக்கும் இது நிஜமான தடை. சின்ன ஊரின் நெருக்கத்தைப் புகழ்பவர்கள் இந்த விலையையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சட்டமும் விநியோகஸ்தருக்கு முழுத் துணையாக இல்லை. 2021 ஜூலையில் மொத்த, சில்லறை வியாபாரிகளும் எம்எஸ்எம்இ வகைக்குள் கொண்டுவரப்பட்டார்கள். ஆனால் முன்னுரிமைக் கடன் பெறுவதற்கு மட்டும்தான். பாக்கித் தொகை 45 நாளுக்குள் வர வேண்டும் என்ற பாதுகாப்பு அவர்களுக்குக் கிடையாது. அதே நேரம், அவர்கள் ஒரு சிறு உற்பத்தியாளரிடம் சரக்கு வாங்கினால், சட்டம் சொல்லும் கெடுவுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால், வருமான வரிச் சட்டத்தின்படி, அந்தத் தொகையை உண்மையில் கொடுக்கும் ஆண்டு வரை செலவாகக் காட்ட முடியாது. சிறு உற்பத்தியாளரைக் காப்பது சரியான நோக்கம். ஆனால் கொடுப்பதற்குக் கெடு, வாங்குவதற்குக் கெடு இல்லை என்று நடுவில் மாட்டிக்கொண்டிருப்பவர் விநியோகஸ்தர். சிறு வியாபாரிகளுக்காவது இந்தப் பாதுகாப்பை நீட்டிப்பதுதான் நியாயம்.

காந்தி மார்க்கெட் சொல்லும் பாடம்

திருச்சியின் மொத்த வியாபாரம் என்றாலே காந்தி மார்க்கெட். 19-ஆம் நூற்றாண்டில் வேர் விட்ட சந்தை. பெரம்பலூர்ப் பக்கத்துச் சின்ன வெங்காயம், வடமாநிலத்துப் பெரிய வெங்காயம், திண்டுக்கல் பக்கத்துக் காய்கறி, காவிரிக் கரை வாழை என்று இரவில் லாரிகள் வந்து இறங்கும். விடிவதற்குள் பக்கத்து மாவட்டச் சில்லறை வியாபாரிகள் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

நெரிசல், குறுகிய தெருக்கள், குப்பை, வண்டி நிறுத்த இடமில்லாமை என்ற புகார்களும் பழசுதான். அதனால் சந்தையை ஊருக்கு வெளியே மாற்றலாம் என்ற யோசனையில், மதுரை சாலையில் கள்ளிக்குடியில் சுமார் 77 கோடி ரூபாய் செலவில் மத்திய வணிக வளாகம் கட்டப்பட்டு 2017-ல் திறக்கப்பட்டது. வியாபாரிகள் போகவில்லை. கடைகளின் அளவு போதாது, ஊரிலிருந்து தூரம், சில்லறை வாங்குபவர்கள் வர மாட்டார்கள் என்று சொன்னார்கள். 2020 கொரோனா முடக்கத்தில் காந்தி மார்க்கெட் மூடப்பட்டபோதுகூட, மொத்த வியாபாரம் பொன்மலை ஜி கார்னர் மைதானத்துக்குத்தான் போனது. பிரச்சினை உயர் நீதிமன்றம் வரை சென்று, கடைசியில் வியாபாரம் பழைய இடத்துக்கே திரும்பியது.

வியாபாரிகளின் பிடிவாதம் என்று இதை ஒரு வரியில் முடித்துவிடலாம். அது பாதி உண்மை. மீதிப் பாதியைப் பார்த்தால்தான் பாடம் கிடைக்கும். ஒரு மொத்தச் சந்தையில் இருப்பது கடைகள் மட்டும் இல்லை. கமிஷன் மண்டி, சுமை தூக்கும் தொழிலாளி, சாக்கு விற்பவர், தராசு ரிப்பேர் செய்பவர், விடியற்காலை பஸ், நாலு மணிக்குத் திறக்கும் டீக்கடை, வங்கி என எல்லாம் ஒரே இடத்தில் பின்னிக் கிடக்கின்றன. வெங்காயம் வாங்க வந்தவர் அப்படியே மளிகை, பாத்திரம், பிளாஸ்டிக் சாமான் வாங்கிக்கொண்டு ஒரே நடையில் ஊர் திரும்புவார். அதில் ஒரு பகுதியை மட்டும் பிய்த்துப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி வைத்தால், அவருக்கு நடை இரண்டாகிவிடும். மேலே சொன்ன 'ஒரே நாளில் போய்த் திரும்பும்' சாதகத்தை நகரமே தன் கையால் வெட்டிக்கொள்கிறது.

சென்னைக்கும் இந்த அனுபவம் உண்டு. கோயம்பேடு சந்தை 1996-ல் திறக்கப்பட்டு, பாரிமுனைப் பக்கத்திலிருந்த வியாபாரம் அங்கே மாறியது. அது நிலைத்ததற்கு ஒரு காரணம், பெரிய சாலைகளும், பிறகு புறநகர்ப் பேருந்து நிலையமும் அதன் பக்கத்திலேயே அமைந்தது.

பஞ்சப்பூர் அடுத்த பரீட்சை

திருச்சிக்கு இப்போது இரண்டாவது வாய்ப்பு வந்திருக்கிறது. மதுரை சாலையில் பஞ்சப்பூரில் ஒருங்கிணைந்த பேருந்து முனையம் 2025 மே மாதம் திறக்கப்பட்டது. பக்கத்திலேயே லாரிகளுக்கான கனரக வாகன முனையம். அதே பகுதியில் புதிய மொத்தச் சந்தைக்கும் திட்டம் இருக்கிறது. பஸ், லாரி, சந்தை மூன்றும் ஒரே இடத்தில் என்பது கள்ளிக்குடியில் இல்லாத விஷயம். காகிதத்தில் இது சரியான திசை.

ஆனால் கட்டடம் கட்டுவதோடு வேலை முடிந்தது என்று நினைத்தால் மறுபடியும் அதே கதைதான். கடையின் அளவை, லாரி நேரடியாகப் பின்பக்கம் இறக்கும் மேடையை, சுமைப்பணித் தொழிலாளர்கள் ஓய்வெடுக்கும் இடத்தை, விடியற்காலை மூன்று மணி பஸ்ஸை, குளிர்பதனக் கிடங்கின் கட்டணத்தை எல்லாம் அங்கே உட்காரப் போகிறவர்களோடு பேசி முடிவு செய்ய வேண்டும். சுமை தூக்குபவரும் தரைக்கடைக்காரரும் அந்தப் பேச்சில் இருக்க வேண்டும். மாற்றத்தில் முதலில் வேலை இழப்பவர்கள் அவர்கள்தான். வியாபாரச் சங்கங்களும் "மாட்டோம்" என்பதைத் தாண்டி, எந்த நிபந்தனையில் வருவோம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். காந்தி மார்க்கெட்டின் நெரிசல் இப்படியே தொடர்ந்தால், வாங்க வருபவர்கள் மெல்ல மெல்ல கரூருக்கும் திண்டுக்கல்லுக்கும் திரும்புவார்கள். நகரத்தின் மையமான இடம் மேப்பில் இருக்கும், கல்லாவில் இருக்காது.

அப்போ சென்னை வேண்டாமா?

எல்லாப் பொருளுக்கும் திருச்சி சரி என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வெளிநாட்டிலிருந்து கன்டெய்னரில் இறக்குமதி செய்பவருக்குத் துறைமுகம் பக்கத்தில் வேண்டும். அவருக்குச் சென்னையோ தூத்துக்குடியோதான் சரி. விலை உயர்ந்த அழகு சாதனம், பிரீமியம் உணவுப் பொருள், கஃபேக்களுக்கான சப்ளை போன்றவற்றை வாங்கும் கூட்டம் பெருநகரத்தில்தான் அடர்த்தி. ஒரே தெருவில் முப்பது கடை இருக்கும் சென்னையில், வண்டியே இல்லாமல் பைக்கில் ஆர்டர் எடுத்து முடித்துவிடலாம். சூப்பர் மார்க்கெட் சங்கிலிகளின் கொள்முதல் முடிவுகளும் பெரும்பாலும் பெருநகர அலுவலகங்களில்தான் எடுக்கப்படுகின்றன.

நடுத்தர நகரத்துக்குப் பொருந்துவது, பல சிறு நகரங்களில் பரவலாக, திரும்பத் திரும்ப வாங்கப்படும் பொருட்கள். மளிகை, மருந்து, ஹார்டுவேர், எலெக்ட்ரிக்கல், விவசாய இடுபொருள், பைக் ஸ்பேர் பார்ட்ஸ், நோட்டுப் புத்தகம், பேக்கிங் பொருட்கள். அழுகும் பொருள் ஏற்றுமதியில் திருச்சிக்குக் கூடுதலாக ஒரு பலம் உண்டு. சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகளுக்கு இங்கிருந்து விமானங்கள் போகின்றன, அவற்றில் காய்கறியும் பூவும் போகின்றன.

ஒவ்வொரு நடுத்தர நகரத்துக்கும் ஒரு குணம் இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஈரோடு என்றால் மஞ்சளும் ஜவுளியும். விருதுநகர் என்றால் பருப்பு, வத்தல், எண்ணெய். ஒட்டன்சத்திரம் நகரமே சிறிது, காய்கறி மொத்த வியாபாரத்தில் பெயர் பெரிது. ஊருக்கு ஏற்கெனவே வாங்க வருகிறவர்கள் எதை வாங்க வருகிறார்கள் என்பதோடு ஒட்டிய பொருளைத் தேர்ந்தெடுப்பவருக்குப் பாதி விளம்பரம் இலவசம்.

ஆன்லைன் வந்தா இந்தத் தொழில் காலியா?

நியாயமான பயம். ஆப்பில் ஆர்டர் போட்டால் கடைக்கே சரக்கு தரும் மொத்த விற்பனைத் தளங்கள் சில ஆண்டுகளாகவே இருக்கின்றன. 2021 டிசம்பரில் நுகர்பொருள் விநியோகஸ்தர்களின் அகில இந்தியக் கூட்டமைப்பு, பெரிய தளங்களுக்குக் கம்பெனிகள் குறைந்த விலைக்குச் சரக்கு தருகின்றன, எங்களுக்கும் அதே விலை வேண்டும் என்று போர்க்கொடி தூக்கியது. இப்போது பத்து நிமிட டெலிவரி நிறுவனங்கள் பெருநகரங்களைத் தாண்டி வந்துகொண்டிருக்கின்றன.

இதில் நடுத்தர நகரத்துக்குக் கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைத்திருக்கிறது. பத்து நிமிட டெலிவரி ஓட, சின்ன வட்டத்துக்குள் அடர்த்தியான ஆர்டர் வேண்டும். தில்லைநகரில் அது கிடைக்கலாம். துறையூரிலும் ஜெயங்கொண்டத்திலும் சுற்றுக் கிராமங்களிலும் கிடைப்பது கஷ்டம். அங்கே கடைக்காரருக்கு வேண்டியது ஆறு பாக்கெட் இது, அரை டஜன் அது, ஒரு வாரக் கடன், உடைந்த பாட்டிலுக்கு ரிட்டர்ன். இந்த நான்கையும் சேர்த்துத் தருவது இன்றுவரை டிஸ்ட்ரிபியூட்டர்தான்.

ஆனால் இந்த அவகாசம் நிரந்தரம் இல்லை. பில் புக்கில் எழுதி, ஞாபகத்தில் பாக்கி வைத்து ஓட்டும் பழைய முறை நீடிக்காது. எந்தக் கடையில் எந்தப் பொருள் எத்தனை நாளில் காலியாகிறது, எந்த லைனில் வண்டி நஷ்டத்தில் ஓடுகிறது என்பதை மொபைலிலேயே பார்க்கும் அளவுக்குக் கணக்கு வைப்பவர் நிற்பார். ஐ.டி. வேலையிலிருந்து வரும் இளைஞருக்கு இங்கே உண்மையான வேலை இருக்கிறது. அவருக்குக் குறைவாக இருப்பது லைன் அனுபவம். அது கடைவீதியில் ஆறு மாதம் நடந்தால் வரும்.

இறங்குவதற்கு முன்னால்

ஏஜென்சி எடுக்க நினைப்பவர் கம்பெனி காட்டும் மார்ஜினைப் பார்த்துக் கையெழுத்துப் போடாமல், நான்கு விஷயங்களைக் கேட்பது நல்லது. காலாவதியான, சேதமான சரக்கைக் கம்பெனி எத்தனை நாளில் திரும்ப எடுக்கும்? ஸ்கீம் தொகையை எப்போது வரவு வைக்கும்? முன்பு இதே ஏரியாவை வைத்திருந்தவர் ஏன் விட்டார்? மாதக் கடைசியில் டார்கெட்டுக்காகச் சரக்கைத் தலையில் கட்டும் பழக்கம் உண்டா? மூன்றாவது கேள்விக்கான பதிலைக் கம்பெனி அதிகாரியிடம் கேட்பதைவிட, அந்த லைன் கடைக்காரர்கள் பத்துப் பேரிடம் கேட்பது பயன் தரும். மருந்து, உணவு என்றால் அதற்கான லைசென்ஸ் தனி. குடோனை முடிவு செய்யும்போது, வாடகைக்கு முன்னால் லாரி உள்ளே வந்து திரும்ப முடியுமா என்று பார்க்க வேண்டும்.

அரசும் மாநகராட்சியும் செய்ய வேண்டியது இதைவிடப் பெரிசு. ஒரு நடுத்தர நகரத்தின் மொத்த வியாபாரம், தொழிற்சாலை மாதிரி ரிப்பன் வெட்டி வருவது இல்லை. சாலைகள் சேரும் இடத்தில், தலைமுறைகளாகச் சேர்ந்த நம்பிக்கையின் மேல் தானாக வளர்ந்தது. அதற்கு வேண்டியது லாரி நிறுத்த இடம், நடுராத்திரியிலும் எரியும் தெருவிளக்கு, தண்ணீர் தேங்காத சந்தைத் தெரு, நேரத்துக்கு வரும் விடியற்காலை பஸ். சென்னையில் இன்னொரு மேம்பாலம் கட்டும் பணத்தின் சிறு பகுதியை இந்த வேலைகளுக்கு ஒதுக்கினால், பலன் ஒரு ஊரோடு நிற்காது. அந்த ஊரை நம்பியிருக்கும் ஏழெட்டு மாவட்டத்துப் பெட்டிக்கடைகள் வரை போய்ச் சேரும்.